அண்ணனும் நயினார் சாரும் தீரு பட்டணமும்

என் அண்ணன் நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. அவர் நினைவாக மலர் ஒன்று போட வேண்டும் என்று அண்ணன் மகள் சொன்னாள். கட்டுரையைச் சித்தப்பாதான் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவன். பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா இறந்தபோது அண்ணன் பத்தாவது முடித்திருந்தார். மறு வாரமே தனியார் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தார். பிறகு கண்டக்டர் ஆனார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் துணி துவைத்து மடிக்கும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இன்றைக்கும் அந்த வேலையைத்தான் செய்கிறேன். அண்ணி இளம் வயதில் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேங்கிக்காலில் இரண்டு அறை வீடு கட்டினார். மகள் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பேசுவது அண்ணன், கேட்பது நான்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அண்ணன் வேதத்தை, அதாவது பைபிளை, விடாமல் வாசிப்பவர். பஸ் கிளம்ப நேரமிருந்தால் பின் சீட்டில் உட்கார்ந்து வாசிப்பார். பழைய நாடுகள் விழுந்துபோகும் என்று தீர்க்கதரிசிகள் சொன்ன பகுதிகள் அவருக்கு மனப்பாடம். நினிவே, பாபிலோன், ஏதோம் எல்லாம் நம் பக்கத்து ஊர்கள் மாதிரி அவர் வாயில் வரும். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது தீரு என்ற கடற்கரைப் பட்டணம். அதன் மதில்கள் இடிந்து விழும், மண்ணெல்லாம் போய் வெறும் பாறையாகும், வலை காயப்போடும் இடமாகும், திரும்பக் கட்டப்படாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார்.

அதே பஸ்ஸில் தினமும் வந்தவர் நயினார் சார். சர்வே ஆபீசில் நிலம் அளக்கும் வேலை. ஊரில் பல தலைமுறையாக இருக்கும் சமணக் குடும்பம். என்ன வாசிக்கிறீர்கள் என்று ஒரு நாள் அண்ணனைக் கேட்டார். அண்ணன் தீருவைப் பற்றிச் சொன்னார். அன்று தொடங்கிய வாக்குவாதம் இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் சார் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பௌர்ணமி வந்து ஆட்டோ கிடைக்காத நாட்களில் கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்தே வருவார். வாசலில் அவர்களுக்கு இரண்டு நாற்காலி. நான் படியில் உட்கார்ந்திருப்பேன்.

"கண்டக்டரே, தீரு போயிடும்னு டிக்கெட் கிழிச்சிக் குடுத்துட்டீங்க. அந்த ஊரு இன்னும் அங்கயேதான் இருக்குது. லெபனான்ல. வீடு, கடை, ஓட்டல் எல்லாம் இருக்குது. போன்லயே காட்டறேன்" என்பார் சார்.

"பஸ் லேட்டு சார். கேன்சல் ஆவல."

"ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலயா லேட்டு?"

"அத வுடுங்க. அங்க வலை காயுதா?"

"அது வேற விஷயம்."

"நான் கேக்கறதே அதான் சார். வலை காயுதா, இல்லியா?"

சார் அதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார். காய்கிறது என்றால் பாதித் தோல்வி. காயவில்லை என்று சொல்ல அவருக்கு மனசாட்சி இடம் கொடுக்காது. அது மீன்பிடி ஊரும்கூட என்று அவருக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்த பிறகு சார் சாப்பிட மாட்டார். அது அவர்கள் வீட்டு நெறி. வெயில் மலைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்ததும் செருப்பைத் தேடுவார். அதனால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வாக்குவாதம் முடிந்ததில்லை.

ஒரு முறை சார் வேறு மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "எங்க ஆளுங்க வாழ்ந்த ஊரு எத்தனையோ இன்னிக்கு மலையில வெறும் கல்லா நிக்குது. எந்தத் தீர்க்கதரிசியும் வந்து சாபம் வுடலியே. ஊருன்னா எழும்பும், வுழும். இதுல கடவுள் இன்னா பண்ணாரு?" என்றார். அந்த வாரம் முழுவதும் அண்ணன் சோறு பிசையும்போதும் அதையே யோசித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னார்: "வுழும்னு சொன்ன அதே தீர்க்கதரிசிக்கு, அந்த ஊருக்காக ஒப்பாரி வைன்னும் கட்டளை வந்துது சார். வுழறத சொல்றவன் அழணும். அதான் எனக்குப் புரிஞ்சது." சார் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். டீ ஆறிப்போனது.

அதன் பிறகு ஒரு நாள் ஜெபக் கூட்டத்தில் ஒருவர், கோயில் ஊரான இந்தத் திருவண்ணாமலைக்கும் தீருவின் கதிதான் என்று அண்ணன் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். அண்ணன் மறுத்துவிட்டார். நமக்குச் சோறு போட்ட ஊர், இதற்காக அழுகிறவர் யாராவது இருந்தால் எழுந்து சொல்லட்டும் என்றார். யாரும் எழவில்லை. அதற்குப் பிறகு முன்னால் நின்று வேதம் வாசிக்க அவரை அழைப்பது நின்றுபோனது. அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தார். வருத்தத்தை வெளியில் காட்டவில்லை. ஞாயிறு மதியத்துக்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சார் தினமும் வந்து பார்த்தார். கடைசிக்கு முந்தின நாள் அண்ணன் அவரைக் கிட்டே கூப்பிட்டார்.

"சார், அந்த பஸ்ஸு வராது போலருக்குது. நீங்க சொன்னதுதான் சரி. ஊரு இருக்குது."

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நடு ரோட்ல எறக்கி வுட்டுட்டுப் போறதா? நான் ஒத்துக்க மாட்டேன். எப்பவும் கேக்கறத கேளுங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேளுங்க கண்டக்டரே."

"வலை காயுதா சார்?"

"காயுது" என்றார் நயினார் சார். "நல்லாவே காயுது."

அண்ணன் சிரித்தார். சத்தம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பொழுது போய்விட்டது என்று நான் மெல்லச் சொன்னேன். "தெரியும்பா" என்று சொல்லி சார் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று இரவு அவர் பட்டினி.

அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அவரும் பேசவில்லை, எனக்கும் பேச வரவில்லை. வெயில் இருக்கும்போதே எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன். ரேடியோ போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதையும் போடுவதில்லை.

அண்ணன் நோயில் படுத்தபோது தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உடன் இருந்த அண்ணன் மகளுக்கும் மருமகனுக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கூடவே வந்து நின்ற பஸ் தொழிலாளர்களுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர் வீட்டு பாய் குடும்பத்துக்கும், அடக்கத்துக்கு வந்த சபையார் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நயினார் சாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. இந்த மலர் உங்கள் கைக்கும் வரும் என்பதால் இதில் எழுதுகிறேன். அண்ணனின் வேதத்தை நான் எழுத்துக் கூட்டி வாசித்து வருகிறேன். தீரு பட்டணத்தைத் தாண்டிவிட்டேன். அதற்கு அடுத்து வரும் எகிப்தில் நிற்கிறேன். அண்ணன் அளவுக்கு எனக்குப் பேச வராது சார். ஆனால் வலை காயுதா என்று என்னால் கேட்க முடியும். இரண்டு நாற்காலியும் வாசலில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிடுகிறேன்.