வேன் மறைத்த காற்று

என் அம்மாவை அந்தக் கம்பெனி வேனிலிருந்து இறக்க வேண்டும். நான் சைக்கிள் பந்தயத்தில் ஓடியது அதற்காகத்தான். பதக்கம் வாங்கிய இடத்தில் யாராவது மைக்கை நீட்டினால் நாட்டுக்காக என்று சொல்லியிருக்கிறேன். சுத்தப் பொய். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க வேலை கிடைத்தால் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டாம், அவ்வளவுதான் என் கனவு.

அம்மாவுக்கு வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலுக்குப் பின்னால் அலுமினியப் பவுடர் மினுங்கிக்கொண்டே இருக்கும். கம்பெனி இருக்கிற தாயில்பட்டிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் போதும், வெடித்துவிட்டதோ என்று போனை எடுத்துவிடுவேன். போர்மேனுக்குப் போன் போட்டு, "இங்கன ஒண்ணுமில்ல தாயி, வைங்க" என்று அவர் சொல்கிறவரை சோறு இறங்காது.

சாத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து காலை ஆறரைக்கு வேன் கிளம்பும். எனக்குக் கோச் கிடையாது. அந்த வேன்தான் கோச். அதன் முதுகுக்கு இரண்டு முழம் தள்ளி முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு, கம்பெனி வாசல்வரை விடாமல் மிதிப்பேன். கடைசி சீட்டில் அம்மா இருப்பாள். பக்கத்தில் உட்காரும் ஒரு அக்கா, டிரைவர் அண்ணாச்சியிடம் ஸ்பீடு கேட்டுப் பின் ஜன்னல் வழியாக விரல் காட்டுவாள். முதலில் நாலு விரல், அப்புறம் ஐந்து. நாற்பத்தைந்து.

"ஏத்தா, போதும்டி, மொகமெல்லாம் கறுத்துப்போச்சு" என்று அம்மா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவாள்.

"நீ சும்மா இரும்மா. அண்ணாச்சிய இன்னும் அமுக்கச் சொல்லு."

மேற்கே போகிற ரோடு அது. ஆடியில் மேல்காற்று புழுதியை வாரி எதிரே அடிக்கும். அடியை எல்லாம் வேன் வாங்கிக்கொள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று என் முதுகைத் தள்ளும். கூட்டமாக விடுகிற பந்தயங்களிலும், முன்னால் போகிறவளின் பின்னால் ஒண்டிக்கொண்டே போய், கடைசி இருநூறு மீட்டரில் வெளியே வந்து ஜெயிப்பேன். மாநிலப் பதக்கங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

கடைசியில் வேலைக்கான தேர்வுப் பந்தயத்துக்குக் கடிதம் வந்தது. வயது வரம்பில் அது எனக்குக் கடைசி வருஷம். வேலை இரண்டே பேருக்கு. கடிதத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள்: இருபது கிலோமீட்டர், ஒவ்வொருவரையும் தனித்தனியாக விடுவோம், நேரத்தைப் பார்த்து எடுப்போம். நாற்பத்தைந்தில் ஓடுகிறவளுக்குக் கூட்டமென்ன, தனியென்ன என்று மடித்து வைத்துவிட்டேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருக்கிறது. மூன்று வாரம் கையில் இருந்தது. மூன்று வாரமும் வேனுக்குப் பின்னால்தான் ஓட்டினேன்.

காரியாபட்டி தாண்டி, நான்குவழிச் சாலையில் என்னை விட்டார்கள். முன்னால் ஒன்றுமே இல்லை. முதல் கிலோமீட்டரிலேயே காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. அன்றைக்கு இரவல் வாங்கி மாட்டிய ஸ்பீடு மீட்டர் முப்பத்தைந்து காட்டியது. எழுந்து நின்று மிதித்தேன். முப்பத்து நாலு. பிரேக் உரசுகிறதோ என்று குனிந்து பார்த்தேன். பிரேக் சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் காற்றைக் கிழித்தது வேன்தான், நானில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மூச்சு போய்விடும் என்று அதையும் விழுங்கிக்கொண்டு, ஐயோ அம்மா ஐயோ அம்மா என்று முனகியபடி மிதித்தேன்.

பாதி தூரத்தில், எனக்கு ஒரு நிமிஷம் கழித்துக் கிளம்பிய பெண் என்னைத் தாண்டினாள். என் சக்கரம் தானாகவே அவளுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. நான் யோசிக்கக்கூட இல்லை. தனிப் பந்தயத்தில் அப்படி ஒட்டக் கூடாது; பைக்கில் வந்த நடுவர் விசில் ஊதி, விலகும்படி கையைக் காட்டினார். விலகினேன். அவள் தூரத்தில் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஐந்தாவதாக வந்தேன். நேரம் குறித்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "தனியா ஓட்டிப் பழகலியாம்மா?" என்று கேட்டார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அந்த வருஷம் தீபாவளி ஆர்டருக்கு ஆள் பற்றவில்லை என்று போர்மேன் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார். பேக்கிங்கில் சேர்ந்தேன். முதல் நாள் நானும் வேனில் ஏறினேன். விரல் காட்டும் அக்கா தன் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஆள் இல்லாத ரோட்டில் அண்ணாச்சி பழக்கத்தில் அதே நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தார்.

அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

"சன்னலோரமா உக்காருத்தா. காத்து நல்லா வரும்."

உட்கார்ந்தேன்.