பலகையும் வெள்ளைத் துணியும்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்க. பழைய காரில் வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓடினவர்களுக்கு இந்தக் கதை உடனே விளங்கும். எழுபதுகளின் கடைசியில் நான் கல்முனைக்கும் அறுகம்பேக்கும் இடையில் கார் ஓடினேன். அலையில் ஏறி விளையாட அங்கே வெள்ளைக்காரர் வருவார்கள். அவர்களுக்குக் கடல், நமக்கு உப்புக்காற்றில் துருப்பிடித்த கதவும், மாரி வந்தால் தண்ணிக்குள் மறைகிற றோட்டும்.

ஒலுவிலில் எழும்பி நின்றவர்கள்

நெட்டையான ஒரு வெள்ளைக்காரன் தன் அலைப்பலகையைக் கார்க் கூரையில் கட்டினான். வெயிலுக்கு அதில் பூசிய மெழுகு உருகுமாம்; வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடினான். கல்முனை தாண்டியதிலிருந்து பார்க்கிறேன், றோட்டோரத்தில் இருக்கிறவர்களெல்லாம் எழும்பி நிற்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஒலுவில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மூன்று பேர் வந்து, "மையித்து எந்த ஊருக்குக் காக்கா?" என்று என்னை அண்ணன் முறை வைத்து மெதுவாகக் கேட்டார்கள். பிரேதம் இல்லை என்று துணியைத் தூக்கிக் காட்டினேன். மூவரில் பெரியவர் பலகையை ஒரு தட்டுத் தட்டினார்.

"இதுக்காகவா நான் பாதி குடிச்ச பிளேன்டீய வெச்சிப்போட்டு ஓடி வந்தன்?"

கோமாரியில் றோட்டைக் காணவில்லை

மாரி தொடங்கின பிறகுதான் அவனுக்கு ஊர் நினைவு வந்தது. கூரையில் அதே பலகையோடும் துணியோடும் அவனை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பொத்துவிலில் ஒரு மீன்காரர் காரை மறித்தார். அவர் மனைவிக்குச் சித்தி என்று பெயர், தலைப்பிள்ளை. வலி எடுத்து நேரமாகியும் பிறக்கவில்லை, மருத்துவிச்சி பயந்து கையை விரித்துவிட்டாள். அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். சித்தியோடு அவரும், அவளுடைய அக்கா, சுலைஹா ராத்தாவும் ஏறினார்கள்.

கோமாரியில் றோட்டுக்கு மேல் இடுப்பளவு தண்ணி. அந்தக் கரையில் ஒரு பஸ், வர முடியாமல் நிற்கிறது. கார் இறங்கினால் இன்ஜின் நின்றுவிடும். புருசன் அழத் தொடங்கினார். சுலைஹா அழவில்லை; கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"கடலில இந்த நெட்டையனத் தாங்குற பலகை, வெள்ளத்தில என்ட தங்கச்சியத் தாங்காதா?"

பஸ்ஸால் இறங்கிய சனம்

வெள்ளைக்காரனுக்குப் பாஷை விளங்கவில்லை. அவள் கை காட்டினது விளங்கியது. தானே கயிற்றை அவிழ்த்தான். சித்தியைப் படுக்கவைத்து, தூறலுக்கும் ஆம்பிளைகள் பார்வைக்கும் மறைவாக, சுலைஹா அதே வெள்ளைத் துணியால் தலையோடு மூடினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். நடுவில் என் கால் றோட்டை விட்டுச் சறுக்கியது. வெள்ளைக்காரன்தான் பலகையை விடாமல் பிடித்தான்.

அந்தக் கரையில் பஸ் சனமெல்லாம் இறங்கி, தலையை மூடிக்கொண்டு வரிசையாக நின்றது. ஒருவர், மரணத்துக்குச் சொல்கிற "இன்னா லில்லாஹி" சொல்லத் தொடங்கினார். அவர் முடிக்க முன்னமே துணிக்குள்ளிருந்து சித்தி சத்தம் போட்டாள்.

"நான் இன்னும் மவுத்தாகல்ல! பஸ்ஸத் திருப்புங்க!"

பலகையோடேயே பஸ்ஸில் ஏற்றினோம்; புருசனும் சுலைஹாவும் கூட ஏற, பஸ் அக்கரைப்பற்றுக்குத் திரும்பியது.

மறுநாள் தண்ணி வடிந்து நானும் வெள்ளைக்காரனும் பலகையை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அல்ஹம்துலில்லாஹ், தாயும் மகளும் சுகம். வெள்ளைத் துணி பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்ட வேண்டுமாம், சுலைஹா தரவில்லை. பதிலுக்குத் தங்கச்சி புருசன் இடுப்பில் உடுத்துகிற, சிவப்புக் கட்டம் போட்ட மருதமுனைச் சாரனால் பலகையைச் சுற்றிக் கட்டிவிட்டாள், அதோடு கல்முனை வரைக்கும் என் காருக்கு எழும்பி நிற்க ஒரு மனுசனும் இல்லாமல் போனது.