மெயில் குதிரையும் என் துண்டும்

மாட்டு டாக்டர் வேலையில் நோயாளி வாயைத் திறக்காது, கூட வந்தவர் வாயை மூடமாட்டார். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு நாம்தான் உண்மையைத் தேடவேண்டும். என்னைப் போல் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிகளில் குப்பை கொட்டியவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்ன சொந்தக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில், தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்து லாரிகள் பெருகிக்கொண்டிருந்த சமயம், நான் அங்கே வேலை பார்த்தேன். சொந்த ஊர் நாசரேத். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாடு, ஆடு, கோழி. குதிரையைப் பற்றிப் பரீட்சைக்காகப் படித்ததோடு சரி. அப்படிப்பட்ட எனக்குக் குதிரைப் பைத்தியம் பிடிக்கவைத்தது மெயில் என்ற செம்பழுப்புப் பெண் குதிரை. வாரத்தில் ஆறு நாள் ரயிலடிக்கு ஜட்கா வண்டி இழுக்கும். மெயில் ரயிலுக்கு ஆள் ஏற்றிப் போவதால் அந்தப் பெயர். சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடைத் திருவிழா வந்தால் அதுவே குதிரைவண்டிப் பந்தயத்திலும் ஓடும். ஓட்டாவிட்டால் வேகம் வராது, அதிகம் ஓட்டினால் கால் போய்விடும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

ஓய்வு

மெயிலின் சொந்தக்காரர் செல்லையா. முதல் தடவை அவர் அதைக் கூட்டிவந்தபோது இடது முன்னங்காலை லேசாகத் தாங்கித் தாங்கி வைத்தது. காலின் பின்பக்கம் ஓடும் தடித்த தசைநாணை, ஊர்ப் பேச்சில் நரம்பை, தொட்டால் சுட்டது. அந்த நரம்பு அறுந்தால் குதிரையின் கதை முடிந்தது, அந்த வண்டியை நம்பியிருக்கும் வீட்டின் கதையும்தான். சூடு தணியும்வரை ஓடவே கூடாது என்றேன். செல்லையா பயபக்தியோடு தலையாட்டினார்.

இரண்டொரு நாள் கழித்து ரயிலடிப் பக்கம் போனால் எதிரே மெயில் வருகிறது. வண்டியில் ஒரு குடும்பம், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டுப் பனங்கிழங்கு. என்னைக் கண்டதும் செல்லையா ஒளியவில்லை. வண்டியை நிறுத்திக் கும்பிட்டார். ஓடக்கூடாது என்றேனே என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. விசாரித்ததில், அதுவரை வழக்கமே ஆறு நாள் சவாரி, ஞாயிற்றுக்கிழமை சவாரி கிடையாது என்பதால் அன்றைக்குப் பந்தயப் பயிற்சி. ஆகமொத்தம் அந்தக் குதிரைக்கு ஓய்வு என்ற ஒன்றே இருந்ததில்லை. சவாரிக்கும் பந்தயத்துக்கும் இழுப்பது அதே கால்தானே என்று கேட்டேன். அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "பந்தய ஓட்டத்த நீங்க சொன்ன அன்னைக்கே நிப்பாட்டியாச்சு டாக்டரய்யா. இது ஓட்டமில்ல, பொழப்புல்லா."

ரோடும் மணலும்

கால் ஒருவழியாகத் தேறியது. அடுத்த கொடைக்கு இன்னும் நாளிருந்தது. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் நடக்கும் அந்தப் பந்தயத்தில் செல்லையா எப்படியும் ஜெயித்தாகவேண்டும். ஏனென்றால் போன தடவை கப்பு வாங்கியவன் மாப்பிள்ளையூரணிச் சுடலை. சுடலை வேறு யாருமில்லை, செல்லையாவின் மனைவி இசக்கியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். அந்தக் கப்பை அவன் வாசலுக்கு நேரே, தங்கை வீட்டுக்காரர் வந்தால் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தானாம்.

எங்கே பழக்குகிறார் என்று பார்க்கப் போனேன். துறைமுகத்துக்குப் போட்ட புதுத் தார் ரோடு. வேகம் நன்றாக வந்தது. ஆனால் ஒவ்வொரு அடியும் குளம்பில் சம்மட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. தார் ரோடு வேண்டாம் என்றேன். செல்லையா சொன்ன பேச்சைக் கேட்கிறவர். மறுநாளே கடற்கரைப் புதைமணலில் வண்டியைப் பூட்டி ஓட்டிவிட்டார். மணலில் குளம்பு புதையப் புதைய, நரம்புதான் இழுபட்டது. அதுவும் கூடாது என்று தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னேன். கடைசியில் உப்பளங்களுக்கு நடுவே போகும் கெட்டியான மண்பாதையைக் கண்டுபிடித்தோம். ஆனால் அதற்குள் செல்லையா ஒன்று கேட்டுவிட்டார்: "ரோடும் ஆகாது, மணலும் ஆகாதுன்னா, எங்குதிர எங்கன ஓடும் டாக்டரய்யா, தந்திக் கம்பியிலயா?"

அண்ணன் வீட்டுக் கை

பிறகு பயிற்சிக்கு ஒரு முறை வகுத்தேன். ஒருநாள் முழு ஓட்டம். அன்றைக்குச் சவாரி கிடையாது. மறுநாள் வெறும் நடை. ஓடி வந்ததும் முழங்கால் ஆழக் கடல் தண்ணீரில் நிறுத்திவைக்க வேண்டும். விடிந்ததும் இரண்டு முன்னங்கால்களையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் ரத்து. தொட்டுப் பார்ப்பதை இசக்கியம்மாளுக்குக் காட்டிக்கொடுத்தேன். செல்லையா கையில் விட்டால் எந்தக் காலும் சுடாது என்று எனக்குத் தெரியும்.

நான் எதிர்பார்க்காத தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது. ஒரு காலையில் புருஷனும் பெண்டாட்டியும் குதிரையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். கால் சுடுகிறது என்று இசக்கியம்மாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். செல்லையா ஒத்துக்கொள்ளவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன்; சுடத்தான் செய்தது. அதைச் சொன்னதும் இசக்கியம்மாள் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். செல்லையா மட்டும் பின்தங்கி, என் காதோடு சொன்னார்: "நீங்க சொன்னா சரி. ஆனா அவ கை அண்ணன் வீட்டுக் கை, பாத்துக்கிடுங்க."

துண்டு

பந்தயத்தன்று காலையில் இரண்டு கால்களும் ஒன்றுபோல் குளிர்ந்திருந்தன. இசக்கியம்மாளே சரி என்றாள். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டிகள் திரும்பவேண்டிய இடத்தில் ஒரு கொடி நட்டிருப்பார்கள். நான் அங்கே நிற்பது, மெயில் காலைத் தாங்குவது கண்ணில் பட்டால் தோள்துண்டைத் தூக்குவது, துண்டைக் கண்டால் செல்லையா நிறுத்திவிடுவது என்று ஒப்பந்தம். சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார். அப்படி ஒரு நிலை வரும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வண்டிகள் புழுதியோடு வந்தன. மெயில் முன்னால், சுடலையின் குதிரை பின்னால். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கொடியைச் சுற்றித் திரும்பும்போது, இடது கால் தரையில் பட்டதும் மெயிலின் தலை லேசாக மேலே போனது. குதிரை வலிக்கிற காலை ஊன்றும்போது அப்படித்தான் தலையைத் தூக்கும். ரோட்டில் பள்ளமோ என்று பார்த்தேன். மறுபடியும் தூக்கியது. அது ஜெயிக்கவேண்டும் என்ற ஆசை அந்த நிமிஷத்தில் செல்லையாவைவிட எனக்கு அதிகமாக இருந்திருக்கும். துண்டைத் தூக்கிவிட்டேன்.

செல்லையா பார்த்தார். பார்க்காத மாதிரி ஒருகணம் முகத்தைத் திருப்பினார். பிறகு வாரைப் பிடித்து இழுத்தார். சுடலை தாண்டிப் போனான். செல்லையா இறங்கி, குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். ஊரே என்னைத் திட்டியது. அதில் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, மெனக்கெட்டு, நிதானமாகக் கேட்டார்: "ஏன் டாக்டரே, ஈ வெரட்ட வேற நேரமே கெடைக்கலியா ஒமக்கு?"

ஜெயித்த குதிரை

அன்று சாயங்காலம் கால் சுட்டது. நரம்பு கொஞ்சம் வீங்கியிருந்தது. நல்ல வேளையாக அறுந்துவிடவில்லை. ஆனால் நெடுநாள் ஓய்வு வேண்டும், இந்தத் தடவை சவாரியும் ஓட்டம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டில் எப்படி அடுப்பு எரியும் என்ற நினைப்பு என்னை அரித்தது.

பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். மெயில் நிழலில் நின்று புல் தின்றுகொண்டிருந்தது. வாசலில் செல்லையாவின் வண்டி நின்றது, அதில் பூட்டியிருந்தது சுடலையின் பந்தயக் குதிரை. தங்கை போய்க் கேட்டதும், அடுத்த கொடைவரை அதற்கு இங்கே என்ன வேலை, கொண்டுபோ என்று அண்ணன் அவிழ்த்துக் கொடுத்துவிட்டானாம். செல்லையாவுக்கு அதிலும் குறை. அதற்கு ஓடத்தான் தெரிகிறது, நிற்கத் தெரியவில்லை. முந்தாநாள் ஒரு வாத்தியாரை ரயிலடியில் இறக்காமல் கடற்கரைவரை கொண்டுபோய்விட்டது என்றார். அப்புறம், அத்தனை நாளும் மனசில் வைத்திருந்ததைக் கேட்டார். நான் துண்டைத் தூக்காவிட்டால் மெயில் ஜெயித்திருக்குமா, இல்லை, கால் போயிருக்குமா? எனக்குத் தெரியவில்லை என்றேன். வீட்டில் படுத்து எத்தனையோ தடவை அந்தப் பந்தயத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முடிவு வருகிறது.

செல்லையா முகம் வாடிப்போனது. புல்லுக்கட்டை உதறிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் நிமிராமலே சொன்னாள்: "தோத்த குதிர நிழல்ல நிக்குது, செயிச்ச குதிர நம்ம வண்டிய இழுக்குது. இதுல தோத்தது யாருன்னு மொதல்ல கேளுங்க."

ஒடிந்த காலுக்கு ஊரே சாட்சி சொல்லும். ஒடியாத காலுக்கு, துண்டோடு நின்று திட்டு வாங்கிய டாக்டரைத் தவிர சாட்சி கிடையாது.