பம்ப் மாத்தின கதையும் பன்னெண்டே முக்கால் சண்டையும்

இன்சுலின் போட்டுக்கிட்டு உயிரோட இருக்கறது ஒரு முழுநேர உத்தியோகம்ங்க. ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது, ரிடயர்மென்ட் கிடையாது, நல்லா வேலை பாத்தா பாராட்ட ஆளும் கிடையாது. உங்கள்ல இதே உத்தியோகத்துல இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். பத்தொம்பது வயசுல சேந்தேன், இப்ப அறுபத்தொண்ணு. வயசானா வருமே, அந்தச் சர்க்கரை இல்ல எனக்கு. ஒடம்புல இன்சுலினே சுரக்காத ரகம். முப்பத்து மூணு வருஷம் ஊசி. அப்புறம் ஒம்பது வருஷமா பம்ப். சின்ன சோப்பு டப்பா மாதிரி இருக்கும். பாவாடை நாடாவுல சொருகியிருப்பேன், அதுலேருந்து மெல்லிசா ஒரு டியூப் வயித்துக்குப் போகும். நாள் பூரா சொட்டுச் சொட்டா இன்சுலின் விடும். சாப்பாட்டுக்கு மட்டும் நாம பட்டனை அமுக்கித் தனியா விட்டுக்கணும்.

போன வருஷம் அந்தப் பம்ப் இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப நடந்த கதை இது. போனா இன்னொண்ணு வாங்கிக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. என் மகனும் மருமக பிரியாவும் காலைல வேலைக்குப் போனா சாயந்திரம்தான் ஸ்ரீரங்கம் திரும்புவாங்க. மூணு வயசுப் பேத்தி மீனு பன்னெண்டே முக்காலுக்கு ஸ்கூல் வேன்ல வந்து எறங்குவா. அதுக்கப்புறம் அந்த மூணாவது மாடி வீட்ல நானும் அவளுந்தான். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவளுக்கு யாரு? பிரச்சனையே அதுதான்.

மிக்ஸி சத்தத்துல போன கணக்கு

பழைய பம்ப்ல பட்டனை ஒரு தடவை அமுக்கினா அரை யூனிட், ஒரு பீப். பன்னெண்டு பீப்னா ஆறு யூனிட், என் மத்தியான சாப்பாட்டுக்கு சரியா இருக்கும். முந்தானைக்குள்ள கைய விட்டு, பாக்காமலே அமுக்கிருவேன். எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல சம்பந்தியம்மாவோட சண்டை போட்டுக்கிட்டே அமுக்கியிருக்கேன், அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சண்டை பாயசத்துல முந்திரி இல்லைன்னு ஆரம்பிச்சுது... அது கெடக்கட்டும்.

அந்தப் பட்டன் ரெண்டு மாசமா அமுங்கினா எந்திரிக்கமாட்டேங்குது. ஒரு நாள் மத்தியானம் துவையல் அரைச்சுக்கிட்டே அமுக்கினேன். சில அமுக்கு விழல போலிருக்கேன்னு இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். மிக்ஸி சத்தத்துல பீப் எங்க கேக்குது? சாப்பிட்டு முடிச்சு எதேச்சையா ஸ்க்ரீனப் பாக்கறேன், பதினோரு யூனிட் போயிருக்கு. போன இன்சுலினத் திரும்ப உறிஞ்ச முடியாதுங்களே, சர்க்கரை கிடுகிடுன்னு எறங்கி மயக்கம் போட்டுரும். கதவு உள்தாப்பாள் போட்டிருக்கு, உச்சித் தாப்பாள், மீனுவுக்கு எட்டாது. மொதல்ல அதத் தெறந்து வச்சேன். பிரியாவுக்குப் போன் போட்டேன். அப்புறம் வெல்லம், குளுக்கோஸ், வாழைப்பழம்னு உள்ள தள்ளிக்கிட்டு, கால் மணிக்கு ஒரு தடவை விரலக் குத்திப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எம்பது, எழுவத்தி நாலு, அறுபத்தி ஒம்பது. எம் மடியில ஒக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்த மீனு கேட்டா: "பாட்டி, ஒனக்கு மட்டும் ஏன் அத்தன மிட்டாய்? நீ குட் கேர்ளா?"

ரைஸ் மில் வாரிசு

பிரியா ஆட்டோ புடிச்சு ஓடி வந்தா. அன்னிக்கு ஒண்ணும் ஆகல, சாயந்திரம் நூத்தி முப்பதுக்கு வந்துட்டேன். ஆனா மறுநாள் சாப்பாட்டு மேசையில ஒரு ஃபாரம் கெடந்துச்சு. தென்னூர்ல குழந்தைகளப் பாத்துக்கற எடம், காலைலேருந்து சாயந்திரம் ஆறு வரைக்கும். "பம்ப் மாத்தற வரைக்குந்தான் அத்தை"ன்னா. அவ கெட்டவ இல்லீங்க. அவ எடத்துல இருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அந்த மாதிரி "வரைக்கும்"லாம் எது வரைக்கும் போகும்னு நமக்குத் தெரியாதா? இனிமே ஸ்க்ரீனப் பாத்துத்தான் அமுக்குவேன்னு சொல்லி, ஃபாரத்த அப்படியே ஓரமா வச்சேன்.

பம்ப் கம்பெனிக்குப் போன் போட்டேன், ஒரு பொண்ணு எடுத்துச்சு. எனக்குப் புதுசு வேணாம், ஒரு பட்டன் மட்டும் மாத்திக் குடுங்கன்னேன். எங்கப்பா மண்ணச்சநல்லூர்ல ரைஸ் மில் வச்சிருந்தவரு. மோட்டார் போனா மோட்டார், பெல்ட் போனா பெல்ட்டுன்னு மாத்தி மாத்தி, கடைசியில பேர்ப் பலகையத் தவிர அந்த மில்லுல எதுவுமே பழசு கெடையாது, ஆனா ஓடிச்சு. இதையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட வெவரமா சொன்னேன். பொறுமையா கேட்டுச்சு. அந்த மாடல் நின்னு போச்சு, பட்டனும் வராது, இன்னும் கொஞ்ச நாள்ல டியூப்பும் வராதுன்னுச்சு. நான் விடாம, ஒரே ஒரு பட்டன்தானம்மான்னேன். அந்தப் பொண்ணு சொல்லுச்சு: "அம்மா, மில்லு நின்னா நெல்லு காத்திருக்கும்மா. இது நின்னா நீங்க காத்திருக்க முடியாது."

புடவைக்குள்ள எங்க வைக்கறது?

தென்னூர்ல என் டாக்டரம்மா ரூம்லயே ரெண்டு புது பம்ப்பக் கொண்டாந்து காட்டினாரு கம்பெனித் தம்பி. ஒண்ணு குட்டியா, டியூப்பே இல்லாம தோல்ல ஒட்டிக்கறது. செல்போன் மாதிரி ஒண்ணுல தடவித் தடவி வேலை வாங்கணும். சத்தமே வராது. இன்னொண்ணு பெருசு, டியூப் உண்டு, பட்டன் உண்டு. கையில ஒரு சென்ஸார் ஒட்டிக்கணும். சர்க்கரை எறங்கப் போகுதுன்னு அது மோப்பம் புடிச்சா, பம்ப் தானா இன்சுலின நிறுத்திட்டுக் கத்தும்.

"புடவைக்குள்ள எங்க வைக்கறது?"ன்னு கேட்டேன். அந்தத் தம்பி ஒரு வீடியோ போட்டாரு. அதுல ஒரு ஆம்பள பெல்ட்டுல மாட்டிக்கிட்டு ஓடறாரு. "தம்பி, நான் ஓடமாட்டேன், பெல்ட்டும் போடமாட்டேன்"னேன். பாவம், செவந்து போயிட்டாரு. நாப்பத்தி ரெண்டு வருஷமா விரல் குத்திக் குத்தி நுனியெல்லாம் காச்சுப் போயிருக்கு, நாலு தடவை தடவினாத்தான் அந்தக் குட்டி மெஷின் அசையுது. பரவாயில்ல, எனக்குக் குட்டிதான் வேணும்னு சொல்லிட்டேன். பெருசு பெருமாள் முன்னாடி நிக்கறப்பக் கத்தினா என்ன பண்றது? அது வெளிய சொன்ன காரணம். உள்ள இருந்தது வேற. இத்தன வருஷமா நான் எடுத்த முடிவ ஒரு டப்பா எடுக்கறதா? சர்க்கரை எறங்கினா எனக்குத் தெரியும், ஒதடு மரக்கும், வேர்க்கும், சென்ஸார் எதுக்குன்னேன்.

டாக்டரம்மா வாக்குவாதம் பண்ணல. என் கையில ஒரு ரூபா காசு மாதிரி ஒண்ண ஒட்டினாங்க. அளந்து வச்சுக்கும், ஆனா நமக்குக் காட்டாது, அவங்க கம்ப்யூட்டர்லதான் தெரியும். பத்து நாளைக்கு சாப்பிட்டது, செஞ்சது, ஒடம்பு எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் மணியோட நோட்டுல எழுதச் சொன்னாங்க. எழுந்திரிக்கறப்ப சொன்னாங்க: "பன்னெண்டு வருஷமா ஒங்க வாய் சொல்றதக் கேக்கறேன்மா. பத்து நாள் ஒங்க கை சொல்லட்டும்."

பத்து நாள் நோட்டு

எழுதறதுல நான் ஒண்ணும் கொறை வைக்கறதில்ல. இட்லி எத்தனைன்னு எழுதுன்னா, சட்னியில காரம் ஜாஸ்தின்னும் எழுதுவேன். சண்டையும் எழுதினேன். ஸ்கூல் வேன் டிரைவர் சேகருக்கும் எனக்கும் ஆகாது. ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தாலும் திட்டுவேன், சீக்கிரம் வந்தா எதுக்கு இந்த வேகம்னு திட்டுவேன். "பன்னெண்டு நாப்பத்தஞ்சு, சேகரோட சண்டை. ஒடம்பு நல்லா இருக்கு"ன்னு பத்து நாள்ல அஞ்சு தடவை எழுதியிருக்கேன்.

பதினோராம் நாள் பிரியாவும் கூட வந்தா. டாக்டரம்மா ஸ்க்ரீனத் திருப்பிக் காட்டினாங்க. மலை மாதிரி ஏறி எறங்குற கோடு. ஒரு கையில என் நோட்டு. அஞ்சு சண்டைக்கும் நேரா அஞ்சு பள்ளம். எழுவதுக்குக் கீழ போகக் கூடாதது, அம்பத்தி ரெண்டு, நாப்பத்தி எட்டு, அம்பது. ஒதடும் மரக்கல, வேர்க்கவும் இல்ல. ரொம்ப வருஷமானா ஒடம்பு எச்சரிக்கறத நிறுத்திடுமாம். எனக்கு மிஞ்சின எச்சரிக்கை கோவம் ஒண்ணுதான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பிரியா சிரிக்கல. அவ ஏழாம் நாளப் பாத்துக்கிட்டிருந்தா.

அன்னிக்குச் சண்டை இல்ல. "ரெண்டு மணி, மீனு தூங்கினா, நானும் கொஞ்சம் கண்ணசந்தேன்"னு எழுதியிருக்கேன். கோடு நாப்பத்தி ஒண்ணுல படுத்துக் கெடக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல. எப்படி எந்திரிச்சேன்னு யோசிச்சேன். மீனு முடியப் புடிச்சு இழுத்தா, எந்திரிச்சு ரெண்டு பேரும் பிஸ்கட் சாப்பிட்டோம். அவளுக்குப் பசி. அவளுக்குப் பசிக்கலைன்னா? உச்சித் தாப்பாள் கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. பிரியா மெதுவா என் கையப் புடிச்சா. "அத்தை, அன்னிக்கு நீங்க தூங்கல."

எறங்கி வந்த தாப்பாள்

பெரிய பம்ப்பையே எடுத்தேன். யாரும் வற்புறுத்தல. மீனுவ ரெண்டு மாசம் தென்னூர்ல விடலாம்னு நானே ஃபாரத்தப் பூர்த்தி பண்ணிக் குடுத்தேன், என் கையெழுத்துலயே. அந்த ரெண்டு மாசமும் மத்தியானச் சாப்பாடு எனக்கு மட்டுந்தாங்க. அளவெல்லாம் சரி பண்ணி, ஒரு மாசம் பள்ளமே விழலைன்னு டாக்டரம்மா சொன்ன அன்னிக்கு, பிரியா தச்சரக் கூட்டியாந்தா. உச்சித் தாப்பாளக் கழட்டி, மீனு கைக்கு எட்டற ஒயரத்துல போட்டாரு. பம்ப் கத்தினா பிரியா போன்லயும் கத்தும். எதுத்த வீட்ல ஒரு சாவி. அப்புறந்தான் மீனு பழையபடி மத்தியானம் வீட்டுக்கு வந்தா.

மொத நாள், வேன் வந்து நின்னுச்சு. ஆறு நிமிஷம் லேட்டு. வாசல் கேட்டுக்கிட்ட நின்னு, "ஏன்யா, புள்ளைய ஊர்வலமா கூட்டிட்டு வர்றியா?"ன்னு ஆரம்பிச்சேன், இடுப்புல கீ கீன்னு ஒரே கத்தல். தெருவே திரும்பிப் பாக்குது. கைய விட்டுப் பாத்தேன், எழுவது, கீழ்நோக்கி அம்பு. இன்சுலின அதுவே நிறுத்தியிருந்துச்சு. சேகர் எறங்கி வந்து, மீனுவ ஒரு கையில புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தன் பாக்கெட்லேருந்து குளுக்கோஸ் பாக்கெட்ட எடுத்து நீட்டினான். பிரியா முன்னாடியே குடுத்து வச்சிருக்கா, எனக்கே தெரியாது. சொன்னான்: "மொதல்ல இதச் சாப்பிடுங்கம்மா. அப்புறம் திட்டுங்க, நான் எங்கயும் போகல."

பேத்தி திரும்பி வந்துட்டா, தாப்பாள் எறங்கிருச்சு, சர்க்கரை பள்ளத்துலேருந்து ஏறிருச்சு, ஒரே நஷ்டம் என்னன்னா, இப்பல்லாம் நூத்திப் பத்துல நின்னு நான் நியாயமா கோவப்பட்டாக்கூட எல்லாரும் மொதல்ல என் இடுப்பத்தான் பாக்கறாங்க.