தள்ளி நில்லும்மா

எங்கள் இரும்பு வார்ப்புப் பட்டறையில் உலையைத் திறக்கிறவருக்குப் புருவம் கிடையாது. முப்பத்தொரு வருஷம் நெருப்பு பொசுக்கிய பொசுக்கில் அது முளைப்பதையே மறந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி அவர் தணல் அண்ணன்.

நிறம் பார்ப்பதுதான் அவர் வேலை. உலையின் பக்கத்துத் துளையில் கண்ணை வைப்பார். சிவப்பு என்றால் இப்போதுதான் பற்றியிருக்கிறது. மஞ்சள் என்றால் பாதி வழி. வெள்ளை வந்தால் இரும்பு தண்ணீராகிவிட்டது, திறக்கலாம். கம்பெனி சூடு காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டியது.

"மீட்டர் ரெடின்னு காட்டுதே, அண்ணே."

"அதுக்கு வீட்டுக்குப் போகணும் போல. மஞ்சள் இன்னும் போகல. போய் உக்காருடா."

அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

நான் வாளி பிடிக்கிறவன். அவர் திறந்துவிடுவதை வாங்கி மணல் அச்சுகளில் ஊற்ற வேண்டும். திறந்த உலையை நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் இரும்பு உள்ளேயே உறைந்து உலை பாழ்.

அன்றைக்கும் திறந்தாகிவிட்டது. நாலு வயசு மகளுக்குக் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது என்று அண்ணன் குஷியாக இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நர்ஸை வேலை வாங்குகிறாளாம். "ஊசி போட்ட கைய நீட்டச் சொல்லி அடிச்சிருக்காடா, வாயாடி" என்று சிரித்தபடி கம்பியால் கசடு தள்ளினார். அப்போதுதான் வாட்ச்மேன் என்னைச் சாடையாகக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன். குழந்தை போய்விட்டது.

"ஊத்தி முடியட்டும்" என்றேன்.

இரண்டே வார்த்தை. ஒன்றரை மணி நேரம் ஊற்றினோம். அவர் மகளைப் பற்றிப் பேசப் பேச நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். சாயங்கால ஷிப்டுக்கு முன் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிவிட்டுக் கிழக்கே கையை நீட்டினார். சிவப்பாக ஒரு நட்சத்திரம்.

"பாத்தியா? சிவப்பு. இப்பதான் பத்த வச்சிருக்காங்க. இனி மஞ்சளாகி, வெள்ளையாகி, வளந்துருவா."

உலைக்காரன் கண் அது. சிவப்பு என்றால் தொடக்கம். எங்களில் ஒருத்தனுக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

அதுமுதல் உலையைத் திறக்குமுன் இடப்பக்கம் திரும்பி, காலி இடத்தைப் பார்த்து, "தள்ளி நில்லும்மா" என்பார். அத்தனை சூட்டிலும் முதல் தடவை எனக்கு முதுகு சில்லிட்டது. பிறகு அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை, ஒரு சாமான்கூட வைப்பதில்லை. நட்சத்திரம் கண்ணில் படாத மாதங்களில் "லீவுல போயிருக்கா" என்பார். நிறம் மாறவில்லையே என்று யாராவது கேட்டால், "அவ சோத்தையே மெதுவாத்தான் தின்பா." இப்படி இருபத்திரண்டு வருஷம்.

போன வருஷம் விபத்து இல்லாமல் ஓட்டினோம் என்று கம்பெனி எங்களை வேனில் ஏற்றிக் கோளரங்கம் கூட்டிப்போனது. குளிர்ந்த கூடம், சாய்கிற நாற்காலி. பாதிப் பேர் குறட்டை. கூரை முழுக்க வானம். ஒரு பெண்குரல் விளக்கம் சொன்னது. புகையும் தூசியும் ஒன்று சேர்ந்து, தன் பாரத்தாலேயே நெருங்கி, நெருங்கிய சூட்டில் பற்றிக்கொண்டால் நட்சத்திரம். அண்ணன் தலையாட்டினார். பெரிய நட்சத்திரங்கள் இளமையில் நீலமும் வெள்ளையுமாக எரியும் என்றது குரல். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, வாங்க, வெளிய ஒரு டீ குடிக்கலாம்."

"உக்காருடா. நம்ம உலையப் பத்திப் பேசுறாங்க."

எரித்து எரித்து உள்ளே சரக்கு தீர்ந்ததும் அது ஊதிப் பெருக்குமாம். மேல்தோல் ஆறிச் சிவக்குமாம். கூரையில் அவருடைய நட்சத்திரம் பெரிதாக வந்து நின்றது. "திருவாதிரை. சாகப்போகும் கிழ நட்சத்திரம்."

தலையாட்டல் நின்றுவிட்டது. குரல் விடவில்லை. கடைசியில் அதன் வயிற்றில் இரும்பு சேருமாம். இரும்பு எரிந்து சூடு தராது. தாங்க ஏதும் இல்லாமல் ஒரு நொடியில் உள்ளே சரிந்து, வெடித்துச் சிதறும். அந்த வெளிச்சம் இங்கே வந்துசேர நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும். "இந்நேரம் அது வெடித்திருந்தாலும் நமக்குத் தெரியாது."

இருட்டில் அண்ணன் மெல்லச் சொன்னார். "ஊத்தி முடியட்டும்னு இருக்காங்களோ என்னமோ."

அன்றைக்கு வாட்ச்மேனிடம் நான் சொன்ன அதே வார்த்தை. "வாட்ச்மேன் சொன்னாரா?"

"அன்னிக்கே சொல்லிட்டாரு."

"ஏண்ணே என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"அந்த ஒன்றர மணி நேரத்த நீ எனக்குக் குடுத்தியா, எங்கிட்டேருந்து எடுத்தியான்னு இன்னும் புரியலடா. புரிஞ்சதும் கேக்கலாம்னு இருந்தேன்."

திரும்பும்போது வேனில் ஒருத்தன் சீண்டினான். "என்ன அண்ணே, நல்ல தூக்கமா?"

"தூங்கலடா. எம் மக என்னவிட மூத்துட்டா."



மறுநாள் சாயங்காலம் குழாயில் முகம் கழுவினார். கிழக்கே பார்க்காமல் உள்ளே போய்விட்டார். மகளை இரண்டாம் தடவையும் பறிகொடுத்துவிட்டார், இனி அந்த இடம் வெறும் தரைதான் என்று நினைத்தேன்.

உலை வெள்ளையானது. கம்பியை எடுத்தார்.  பிறகு இடப்பக்கம் திரும்பினார். வயசானவர்களிடம் பேசுகிற மாதிரி குரல் தணிந்திருந்தது.

"தள்ளி நில்லுங்கம்மா. சூடு தாங்காது."

இரும்பு வந்தது. வாங்கிய வாளியோடு அந்த இடத்துக்கு வழிவிட்டுச் சுற்றிப் போனேன்.