அல்வாலில் யசோதா அடித்த வரி

தேர்வுக் குழுத் தலைவரே, யசோதாவுக்குப் பேராசிரியர் பதவி கிடைக்காமல் செய்தவர் நீங்கள். எந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் முதலில் இல்லை என்று சொல்லி மூன்று முறை திருப்பி அனுப்பினீர்கள். கணிதத்தில் பெயர்களை ஆங்கில அகரவரிசையில்தான் போடுவோம். அதுகூடத் தெரியாமலா அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்?

அடுத்த மாதம் அவருக்குக் கடைசி நேர்முகத் தேர்வு. அதன்பின் ஓய்வு. எங்கள் கூட்டுக் கட்டுரையில் கடினமான பகுதி அவருடையது என்று ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை சென்னையில் ரயில் ஏறினேன். என் பெயர் அருணாசலம். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குச் செகந்திராபாத். அங்கிருந்து யசோதாவின் வீடு இருக்கும் அல்வால் சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். என் ஓட்டை இந்தியில் சண்டை போட்டு இருநூற்று இருபதுக்கு இறக்கினேன். ராணுவ மதில்களை ஒட்டியே போன அந்தச் சாலை முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

யசோதா லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய கணிதம் இதுதான்: புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். கோட்டால் இணைந்த இரு புள்ளிகளுக்கு ஒரே நிறம் கூடாது என்றால் எத்தனை நிறம் போதும்? இந்த ஒரு கேள்வியை முப்பது வருடமாகத் துரத்துகிறார். நான் நாற்பது பக்கம் எழுதித் திணறிய இடத்தை ஒன்றரைப் பக்கத்தில் முடித்தார். இன்றும் அதை வகுப்பில் நடத்தும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பத்து மணிக்கு அவர் கணவர் பெசரட்டு கொண்டுவந்து வைத்தார். "கல்யாணமான நாள்லேந்து சொல்றேன் சார், பேரை அகிலான்னு மாத்திக்கோன்னு. கேட்டாத்தானே."

யசோதா சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார்.

"நக்கோ, அருணாசலம். இது வேண்டாம்."

"உண்மைதானே மேடம்?"

"பாதி உண்மை. உங்க நாப்பது பக்கம் எங்க உடையுதுன்னு பாத்துதான் எனக்கு வழி தெரிஞ்சது. யார் பங்கு பெருசுன்னு நானே பிரிச்சுக் காட்டினா, நாளைக்கு என் ஸ்டூடண்ட்ஸ் யாரும் இன்னொருத்தரோட சேர்ந்து உக்காந்து யோசிக்க மாட்டாங்க."

பதவி போய்விடும் என்றேன்.

"ஹவ், ஆமா, போகும்" என்று சட்னியை என் பக்கம் தள்ளினார்.

மாலை திரும்பும் ரயிலில் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். அந்த வரி போனபின் மிச்சமிருந்தது வெறும் வாழ்த்து. சென்னையில் அதே கட்டுரையைக் காட்டித்தான் நான் பேராசிரியரானேன். அந்தக் குழுவிலும் நீங்கள் இருந்தீர்கள். முதல் பெயர் என்று பாராட்டினீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கை குலுக்கினேன்.

இருவர் பங்கும் வேண்டியிருந்தது என்கிறார் யசோதா. சரி, அவர் சொன்னபடியே வைத்துக்கொள்கிறேன். ஒரே கட்டுரை என்னை ஏற்றி அவரை இறக்கியது எப்படி? அவருடைய நேர்முகத் தேர்வுக்கு முன்னால், இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.