நடிப்பு நோயாளி

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளில், மாணவர்கள் சோதித்துப் பார்க்கும் நோயாளியாக நடித்துவந்தார். சுற்றுவட்டார ஆஸ்பத்திரி டாக்டர்களில் பலர் அவர் வயிற்றைத் தொட்டுப் படித்தவர்கள்தான். "மகராசன் கிளம்பிட்டாரு, பொய்யா முனகுறதுக்கு" என்று மனைவி கேலி செய்வாள்.

அன்று அவருக்குக் கொடுத்திருந்தது குடல்வால் வலி. கடைசி வருட மாணவி வலப்பக்கம் அழுத்தியதும், சொல்லிவைத்தபடி "ஐயோ" என்றார். தொப்புளுக்கு மேலே நகர்ந்த அவள் கை அப்படியே நின்றது. இன்னொரு முறை அழுத்தினாள். முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, இங்க வலிக்குதா?"

"இல்லையேம்மா. அங்க வலிக்கும்னு எனக்குச் சொல்லித் தரலையே."

அவள் தேர்வை நிறுத்திவிட்டுப் பேராசிரியரைக் கூப்பிட்டாள். "சார், உள்ள பெருசா என்னமோ துடிக்குது."

பேராசிரியரும் கை வைத்துப் பார்த்தார். "எழுந்திருக்காதீங்க" என்றார், மிக மெதுவாக. எழப்போன கண்டக்டர் மறுபடி படுத்துக்கொண்டார்.

ஸ்கேனில் பெரிய ரத்தக்குழாய் பலூன் போல் வீங்கியிருந்தது. எந்த நேரமும் வெடிக்கலாம் என்றார்கள். பதறியடித்து வந்த மனைவி, "நடிச்சது போதும், எழுந்திரிங்க" என்றாள். அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தும்மினால்கூடச் செத்துப்போவோம் என்று மூச்சைக்கூடப் பயந்து பயந்துதான் விட்டார்.

அன்று மாலையே பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார். பயம் மட்டும் போகவில்லை. இப்போதும் படுத்தவுடன் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டு, அவர் தூங்கிய பிறகு தானும் தொட்டுப் பார்ப்பாள்.